லோர்னாவின் காரில் கழற்றிய பம்ப்

ஃபிரெஸ்னோவில் எங்கள் பல் மருத்துவமனையின் வரவேற்பறையில் இருந்தவள் லோர்னா டீக். விவாகரத்தான பிறகு ஆசைப்பட்டு வாங்கிய எழுபத்தாறாம் வருடத்து சிவப்பு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்தான் அவளுக்கு எல்லாம். மேட்டில் ஏறும்போது அது திணறும்.

பழைய கார் சங்கத்தில் அவளுக்கு நெருங்கிய நண்பன் ராய்ஸ். அவனிடமும் அதே மாடல் இருந்தது. ஒரு சனிக்கிழமை அவள் காரின் முன்மூடியைத் திறந்து பார்த்தான்.

"புகையைக் குறைக்கன்னு அந்தக் காலத்துல மாட்டின பம்ப், குழாய் எல்லாம் இது. எஞ்சினுக்கு மூச்சு முட்டுது. கழட்டிடலாம்."

"புகைச் சோதனைக்குப் போனா மாட்டிக்குவேனே?"

"அதுக்கு முன்னாடி நானே திரும்ப மாட்டித் தரேன். எல்லாம் என் ஷெட்ல பத்திரமா இருக்கும்."

கழற்றியதும் கார் பறந்தது. அந்தக் கோடை முழுக்க மலைப்பாதையில் சுற்றிவிட்டு, முகம் சிவந்து வேலைக்கு வருவாள்.

சோதனைக்கான அறிவிப்பு வந்ததும் ராய்ஸிடம் போனாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"எல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு லோர்னா. குப்பையில போட்டுட்டேன். அது இல்லாம சான்றிதழ் கிடைக்காது. வேணும்னா காரை நானே எடுத்துக்கறேன், உதிரிக்காவது ஆகும்."

அவள் நம்பினாள். ஆனாலும் காரைக் கொடுக்க மனம் வரவில்லை. மருத்துவமனைக் கழிப்பறையில் அழுததை நானே கேட்டேன்.

அடுத்த மாதம் பூங்காவில் சங்கத்தின் கண்காட்சி. அசல் பாகம் ஒன்றுகூடக் குறையாத காருக்கான பரிசு ராய்ஸுக்குக் கிடைத்தது. அவன் மனைவி ஃபே ஓடிவந்து லோர்னாவைக் கட்டிக்கொண்டாள்.

"உனக்குத்தான் நன்றி சொல்லணும்! அந்த பம்புக்காக இவரு எத்தனை வருஷமா அலைஞ்சாரு! நீ சும்மாவே குடுத்துட்டியாமே!"

லோர்னா ராய்ஸைப் பார்த்தாள்.

"குப்பையில போட்டேன்னு சொன்னே."

"உனக்கு அது குப்பைதானே? நீ என்ன பரிசுக்கா ஓட்டுறே?" என்று சிரித்தான். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். பத்து வருட நண்பர்கள். ஃபே மட்டும் சிரிக்காமல் லோர்னாவின் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

லோர்னா சங்கத்திலிருந்து விலகினாள். நெவாடாவில் ஒரு பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்த பாகங்களை வாங்கிவந்து மாட்டச் செய்தாள். கார் சோதனையில் தேறியது. ஆனால் ஓட்டப் பிடிக்கவில்லை. இலையுதிர்காலத்தில் சாக்ரமெண்டோ தம்பதிக்கு விற்றுவிட்டாள்.

அன்று மாலையே ராய்ஸ் மருத்துவமனைக்கு ஃபோன் செய்தான். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

"விக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே லோர்னா? நாமெல்லாம் ஃப்ரெண்ட்ஸ்தானே?"

லோர்னா ஃபோனை வைத்துவிட்டு, அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டாள்.