ஏழாம் மாடியும் கனகராஜின் கருத்துகளும்

கனகராஜுக்கு எல்லாவற்றைப் பற்றியும் ஒரு கருத்து இருந்தது. செவ்வாய்க் கிரகத்துக்கு ஆள் அனுப்புவது பற்றி இருந்தது. ஓட்டுநர் இல்லாமல் ஓடும் காரைப் பற்றி இருந்தது. வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லி வயதானவர்களின் சேமிப்பை உருவும் கும்பலைப் பற்றி இருந்தது. கட்சி விட்டுக் கட்சி தாவும் அரசியல்வாதிகளைப் பற்றி என்றால் கேட்கவே வேண்டாம், சோறு ஆறிப்போகும் வரை பேசுவார். படித்தது மூன்றாம் படிவம் வரைதான். அதற்கு மேல் படித்ததெல்லாம் பழைய நாளிதழ்களிலும் கைப்பேசியிலும்தான்.

ஈப்போவுக்கு வெளியே, வேலி போட்ட ஒரு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், அவர் ஜாகா, காவலாளி. சுற்றிலும் மாடி வீடுகள், வாசலில் தடைக்கம்பம், பக்கத்தில் குளிர்சாதனம் வைத்த காவல் கூண்டு. கூண்டுக்குள் வரிசையாகக் கேமராத் திரைகள். அந்த இடம் முன்பு ஹாத்தர்லி ரப்பர் தோட்டமாக இருந்தது. "எங்க அப்பன் பால் வெட்டுன நெரையில நான் ஏர்கோன்ல ஒக்காந்திருக்கேன், இதுதான் முன்னேற்றம்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

தோட்டம் விற்கப்பட்டபோது ஆட்களை ஒரு மலிவு விலை அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். கனகராஜுக்கும் மனைவி பாப்பாவுக்கும் ஏழாம் மாடியில் வீடு. பிள்ளைகள் இல்லை. தோட்டத்து ஆட்கள் அடுக்குமாடியில் மேலும் கீழுமாகச் சிதறிப் போனதால், யாரோ கைப்பேசியில் ஒரு புலனக் குழுவை, வாட்ஸ்அப் குழுவை, தொடங்கி அதற்கு 'ஹாத்தர்லி பெரட்டு' என்று பெயர் வைத்தார்கள். தோட்டத்தில் விடிவதற்கு முன்னால் ஆட்களை நிற்க வைத்துப் பேர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். வேலைக்குக் கிளம்புமுன் கனகராஜ் அந்தக் குழுவில் ஒரு குரல் பதிவு போடுவார். அன்றைய அறிவியல், அன்றைய அரசியல், அன்றைய பாதுகாப்பு, கடைசியில் ஒரு திருக்குறள். எல்லாரும் கீழே ஒரு கும்பிடுப் படம் போட வேண்டும். போடாதவரை இரண்டாம் மாடி விமலா விடமாட்டாள்.

"என்னா ராமையாண்ணே, இன்னிக்கி கும்புடு காணோம்? பெரட்டுக்கு வரலன்னா அர நாள் சம்பளம் வெட்டிருவேன், பாத்துக்குங்க."

ராமையா உடனே இரண்டு கும்பிடு போட்டுவிடுவார்.

காலையில் கூண்டில் உட்கார்ந்து அந்தக் கும்பிடுகளைப் பார்க்கும்போது கனகராஜுக்குத் தேநீரே வேண்டாம். தாமான்காரர்கள் அவரை நிமிர்ந்து பார்க்காமல் காரில் போவார்கள். கைப்பேசிக்குள் மட்டும் ஒரு சனம் அவரைக் கைகூப்பிக் கேட்டுக்கொண்டிருந்தது. அப்படித்தான் அவர் நம்பினார்.

பாப்பாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று முறை இரத்தத்தைச் சுத்திகரிக்கப் போக வேண்டும். அடுக்குமாடியில் இரண்டு மின்தூக்கிகள். வலது பக்கத்தது போன தேர்தலுக்கு முன்பே செத்துப்போனது. இடது பக்கத்தது இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்று ஓடிக்கொண்டிருந்து, ஒரு மழை நாளில் அதுவும் நின்றது. கதவில் 'ரோசாக்', பழுது, என்று ஒரு தாள் ஒட்டினார்கள். அன்றிலிருந்து பாப்பாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி இறக்குகிறார்கள். இறங்குவதாவது பரவாயில்லை. சிகிச்சை முடிந்து துவண்டுபோன உடம்போடு ஏறுவதுதான் கொடுமை. ஒவ்வொரு மாடியிலும் நாற்காலியைக் கீழே வைக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன்கள் முதலில் ஓடி வந்தார்கள். பிறகு நடந்து வந்தார்கள். பிறகு வேலை இருக்கிறது என்றார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது.

ஒருமுறை பாப்பா போக மறுத்துவிட்டார். மறுநாள் முகம் பூசணிக்காய் போல வீங்கியது.

அந்த வாரம்தான் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்திலிருந்து பவித்ரன் என்ற இளைஞன் வந்தான். நல்ல பையன். படியேறி வந்து, மூச்சு வாங்க, பாப்பாவையும் பார்த்தான்.

"அங்கிள், இந்த வருஷ ஒதுக்கீட்டுல ஒண்ணுதான் செய்ய முடியும். ஒண்ணு லிப்டு. இல்லாட்டி கீழ மோட்டார் சைக்கிள் நிறுத்துற எடத்துல கேமரா. மோட்டார் திருடு போவுதுன்னு நெறைய புகார் வந்திருக்கு. ஞாயித்துக்கெழம காலையில கீழ மண்டபத்துல கூட்டம். எதுக்குக் கை அதிகமோ அதுதான்."

"அவ்வளவுதானே?" என்றார் கனகராஜ். "நம்ம ஆளுங்க கை அம்பது அறுபது இருக்குப்பா. நான் ஒரு ஆடியோ போட்டாப் போதும்."

பவித்ரன் போன பிறகு பாப்பா படுக்கையிலிருந்தே சொன்னார். "என்னாங்க, ஆடியோவுல மொதல்ல லிப்ட சொல்லிருங்க. நீங்க நெலாவுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள யாரு காத்திருப்பா?"

"ஒரு விஷயத்த அறிவியலா சொல்லணும் பாப்பா. அடிப்பட இல்லாம கோரிக்க வெச்சா பிச்ச கேக்குற மாதிரி இருக்கும்லா."

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் போட்ட அந்தப் பதிவு அவர் பேசியதிலேயே நீளமானது. செயற்கை நுண்ணறிவு எத்தனை பேர் வேலையைத் தின்னும் என்று தொடங்கினார். மின்தூக்கி எப்படி ஓடுகிறது, ஒரு பக்கம் பெட்டி இறங்கினால் மறுபக்கம் பாரம் ஏறுகிறது என்று விளக்கினார். அரசியலும் அதே மாதிரிதான், ஒருவன் ஏற ஒருவன் இறங்க வேண்டும், ஆனால் நம் வீட்டு வாசலில் கயிறே அறுந்து கிடக்கிறது என்றார். அது அவருக்கே மிகவும் பிடித்துப்போனது. கடைசியில்தான் ஞாயிறு காலை கூட்டம், லிப்டுக்குக் கை தூக்க எல்லாரும் வர வேண்டும், என் பாப்பாவுக்காக வாருங்கள் என்று சொன்னார்.

கும்பிடுகள் மளமளவென்று விழுந்தன. ஒன்பதாம் மாடி ராமையா இரண்டு போட்டார். பத்தாம் மாடிக்காரர்கள் போட்டார்கள். அதற்கு மேலே இருந்தவர்களும் போட்டார்கள். கனகராஜ் கைப்பேசியைப் பாப்பாவிடம் காட்டினார்.

"பாரு. பாத்தியா?"

அன்றைக்குப் பாப்பா இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. முன்வரிசையில் மோட்டார் பறிகொடுத்தவர்கள். அவர்களுக்குத் தலைவன் முதல் மாடி சுரேன், உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்பவன். அவனுடைய இரண்டாவது மோட்டாரும் போன மாதம் காணாமல் போனது. ஹாத்தர்லி ஆட்கள் என்று பார்த்தால் விமலா ஒருத்திதான். அவளும் பசாருக்குப் போகிற வழியில், கையில் பையோடு எட்டிப் பார்த்தாள்.

கனகராஜ் வெளியே போய் ராமையாவை அழைத்தார்.

"எங்கடா இருக்கே?"

"வீட்டுலதான். என்னாண்ணே?"

"கூட்டம்டா! லிப்டுக்குக் கை தூக்கணும்னு சொன்னேனே!"

"இன்னிக்கா? எப்ப சொன்னீங்க?"

"ஆடியோவுல சொன்னேன். நீ கும்புடு போட்டியே!"

"கும்புடு போட்டேன்ணே. கேக்கல. போடலன்னா விமலா மானத்த வாங்கிருவா. அதான் வந்தவொடன போட்டுர்றது. எல்லாரும் அப்படித்தான்லா... கோவிச்சுக்காதீங்க. ஒம்பது மாடி எறங்கி வர்றதுக்குள்ள முடிஞ்சிரும், எனக்கு முட்டி வேற சரியில்ல."

கனகராஜ் உள்ளே வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. விமலாவிடம் மெதுவாகக் கேட்டார், "நீயாவது கேட்டியாம்மா?"

"ஐயோ கனகண்ணே," என்று அவள் பையை மாற்றிப் பிடித்தாள். "காலையில புள்ளைங்கள ஸ்கூலுக்குக் கெளப்புற நேரம். யாரு போட்டா, யாரு போடலன்னு பாக்கத்தான் நேரம் இருக்கு."

பவித்ரன் இரு தரப்பையும் பேசச் சொன்னான். கனகராஜ் எழுந்து, ஏழாம் மாடியில் ஒரு நோயாளி இருப்பதைச் சொன்னார். ஒன்பதாம் மாடியிலும் பதினோராம் மாடியிலும் வெளியே வராத கிழவர்கள் இருப்பதைச் சொன்னார். இந்த முறை செவ்வாய்க் கிரகம் வரவில்லை. சுருக்கமாக, நன்றாகவே பேசினார்.

பிறகு சுரேன் எழுந்தான். "நான் ஒண்ணும் பேசப் போறதில்ல. அண்ணனே பேசட்டும்" என்று கைப்பேசியை ஒலிபெருக்கியின் அருகில் பிடித்தான்.

கனகராஜின் குரல் மண்டபம் முழுக்க நிறைந்தது. எப்போதோ அவர் போட்ட பதிவு. கேட்கப்படாத நூற்றுக்கணக்கானவற்றில் கேட்கப்பட்டது அது ஒன்றுதான். அது இந்த மாடி அந்த மாடி என்று கைமாறிச் சுற்றியிருந்தது. 'கேமரா லஞ்சம் வாங்காது. கேமராவுக்குத் தூக்கம் வராது. நான் பன்னண்டு வருஷமா திரைக்கு முன்னால ஒக்காந்திருக்கேன், எனக்குத் தெரியும். ஏழைக்கு முதல் பாதுகாப்பு கேமராதான். அது இல்லாத எடத்துல மனுஷன் குடியிருக்கக் கூடாது.' கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள்.

"என்னாண்ணே, நல்லாத்தானே பேசியிருக்கீங்க?" என்றான் சுரேன். நக்கல் இல்லை. உண்மையாகவே கேட்டான்.

"அது... அது அப்ப சொன்னது. நெசம் என்னான்னா, எங்க தாமான்ல கேமராவுக்குக் கைய காட்டிட்டுப் போனான் ஒரு திருடன். படத்த போலிசுக்குக் குடுத்தோம். ஒண்ணும் நடக்கல. பின்பக்கத்துக் கேமரா ரெண்டு செத்துக் கெடக்கு. திரையில இருட்டா இருக்கும், நான் அதையும் பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பேன்."

"அத ஏன் அந்த ஆடியோவுல சொல்லல?"

கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு அந்தத் திரைகளைத் தவிர வேறென்ன பெருமை இருந்தது?

"லிப்டு வேணும்னு இப்ப மாத்திப் பேசுறாரு" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்.

கை தூக்கச் சொல்லுமுன் கனகராஜ் பவித்ரனிடம் போனார். "தம்பி, ஒண்ணு யோசிங்க. லிப்டு வேணும்னு கை தூக்க வேண்டியவங்க, லிப்டு இல்லாததாலதான் மேல இருக்காங்க. இது என்னா நியாயம்? போன்லயே ஓட்டு வெக்கலாமே, டெக்னாலஜி இருக்கே."

பவித்ரனின் முகம் வாடியது. "புரியுது அங்கிள். ஆனா கூட்டத்துல வந்தவங்க கைதான் செல்லும். அப்படித்தான் எழுதி வெச்சிருக்காங்க. நான் மாத்த முடியாது."

விமலா பையைக் கீழே வைத்துவிட்டு லிப்டுக்குக் கை தூக்கினாள். கனகராஜ் தூக்கினார். இன்னும் இரண்டு மூன்று பேர். முன்வரிசை முழுவதும் கேமராவுக்குத் தூக்கியது. அவர்கள்மேல் கோபப்படவும் முடியவில்லை. மோட்டார் போனால் சுரேனுக்கு வேலை போகும். அதுவும் உயிர்ப் பிரச்சினைதான்.

படியேறி வீட்டுக்கு வந்தபோது பாப்பா கண்ணைத் திறந்தார்.

"என்னா ஆச்சு?"

"கேமரா."

"நம்ம ஆளுங்க வரலயா?"

"வரல."

பாப்பா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என் கைய சேத்துக்கிட்டாங்களா?"

"இல்ல பாப்பா. கீழ வந்தாத்தான் சேப்பாங்களாம்."

அதற்குப் பாப்பா சிரித்தார். நெடுநாளைக்குப் பிறகு அவர் சிரித்தது அதற்குத்தான்.

அடுத்த வாரம் பாப்பாவே முடிவு செய்தார். பத்து காஜா என்ற ஊரில் தங்கை கலாதேவிக்குத் தரையோடு தரையாக வீடு. சிகிச்சை நிலையமும் பக்கத்தில். அங்கே போய்விடுவது. கனகராஜுக்கு இங்கேதான் வேலை. தங்கை வீட்டிலும் இருப்பது இரண்டே அறை.

"விடுமுறைக்கி வந்து பாருங்க" என்றார் பாப்பா, ஏதோ பக்கத்துத் தெருவுக்குப் போகிறவர் போல.

"லிப்டு சரியானவொடன கூட்டிக்கிட்டு வந்துருவேன்."

"சரி."

இருவருமே அந்தப் பேச்சை நம்பவில்லை. ஒருவருக்காக ஒருவர் சொல்லிக்கொண்டார்கள்.

போகிற நாளில் சுரேனே நாற்காலி தூக்க வந்தான். யாரும் கூப்பிடவில்லை. முன்கால்களைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினான். நான்காம் மாடியில் இளைப்பாற நின்றபோது வேர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டான், "அண்ணே, காலையில ஆடியோ நிறுத்திட்டீங்களா?"

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்லடா."

"ஒங்களுக்கா?" என்று சுரேன் சிரிக்கப் பார்த்தான். கனகராஜ் சிரிக்காததால் நாற்காலியைத் தூக்கினான்.

கீழே கலாதேவியின் கணவர் காரோடு காத்திருந்தார். மோட்டார் நிறுத்துமிடத்தில் இரண்டு தொழிலாளிகள் ஏணி வைத்துக் கேமராவுக்குக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தார்கள். பாப்பாவைக் காரில் உட்கார வைத்து, தலையணையை முதுகுக்குக் கொடுத்து, மருந்துப் பையை மடியில் வைத்தார் கனகராஜ். வானம் கிந்தா மலைகள் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

"என்னாங்க," என்றார் பாப்பா, கண்ணாடியை இறக்கி. "மேல துணி காயுது. மழ வந்துரும் போல. எடுத்துருங்க."

கார் முனை திரும்பியது. முதல் துளிகள் மோட்டார் நிறுத்துமிடத்துத் தகரக் கூரையில் விழத் தொடங்கின. கனகராஜ் துணி எடுக்கப் படியேறினார்.