தம்பி கடைக்கும் அதே அளவு

பள்ளி வாசலிலிருந்து நூறு மீட்டருக்குள் சிகரெட்டும் பீடியும் விற்கக் கூடாது என்று நகராட்சி விதித்த நாள்முதலாக, உரிமப் பிரிவு ஆய்வாளரான அந்த அம்மாள் முப்பத்தொரு கடைகளை அளந்துவிட்டார். அளவு நாடாவின் நுனியைப் பள்ளி வாசலில் தாம் பிடித்துக்கொண்டு, மறுமுனையைக் கடைக்காரரையே இழுத்துப் போகச் சொல்லி, அளவையும் அவர் வாயாலேயே படிக்க வைப்பார். பிறகு யாரும் மறுபேச்சுப் பேச முடியாது.

முப்பத்திரண்டாவது கடை அவருடைய உடன்பிறந்த தம்பியுடையது.

“தொண்ணூத்தி நாலு,” என்று முணுமுணுத்தான் தம்பி. “ஆறு மீட்டர்தானேக்கா! கண்டுக்காம விடேன். பாதி வியாபாரமே இதுலதான் ஓடுது. கவுன்சிலர்கிட்டயும் சொல்லியிருக்கேன்.”

“சத்தமாப் படிடா. அவருக்கும் கேக்கட்டும்.”

சொல்லி வாய் மூடுவதற்குள் கவுன்சிலரே அலைபேசியில் அழைத்தார். “விட்டுடுன்னு எழுத்துல குடுங்க சார், ஃபைல்ல சேத்துக்கறேன்,” என்றார் அம்மாள். கவுன்சிலர் சட்டென்று அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

விற்பனைத் தடை ஆணையை அவர் நீட்டியதும் தம்பியின் முகம் கறுத்தது.

“இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காதே.”

“ஞாயித்துக்கிழமை வருவேன்டா. கதவைச் சாத்துனா வாசல்லயே உக்காந்திருப்பேன். அக்காவைத் துரத்த உனக்கு எந்த ஆபீஸ்ல ஆர்டர் போடுவாங்கன்னு பாக்கறேன்!”

ஆணையின் நகலில் அவன் கையெழுத்தை வாங்காமல் அவர் அங்கிருந்து நகரவும் இல்லை.