கொறற்றி ஒளித்து வைத்த கள்ளர்கள்

மரிய கொறற்றி என்று ஒரு புனிதையின் பெயரை வைத்தால் மகள் அடக்க ஒடுக்கமாக வளர்வாள் என்று செபஸ்தியன் நம்பினார். பாவம், நல்ல மனிதர். ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற ரோட்டில், ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் அவருக்கு வேலை. மகளோ ஐந்தாம் வகுப்பிலேயே, கல்விக் கந்தோரிலிருந்து ஆட்கள் வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த நாளாகப் பார்த்து, டீச்சர் போர்டில் போட்ட கணக்கில் பிழை பிடித்தாள். டீச்சர் சிரித்துச் சமாளித்துக்கொண்டார். அடுத்தவர் பிழையைப் பிடிப்பதில் உள்ள ருசி அன்றைக்கு அவள் நாக்கில் ஒட்டியது, பிறகு போகவே இல்லை.

அந்த ருசியை நம்பித்தான் உயர்தரத்தில் கணிதம் எடுத்தாள். கண்டிப் பக்கத்து வளாகம் ஒன்றுக்கும் போனாள். போன வேகத்தில் முதலாம் வருடக் கணிதத்தில் பெயிலானாள். ஒரு சீனியர் அக்காவின் நோட்டை வரிக்கு வரி பார்த்தெழுதி, சிவப்புப் பேனையால் அடிக்கோடு போட்டு, படித்து முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தாள். கொப்பி அவ்வளவு அழகு, மண்டையில்தான் ஒன்றுமில்லை. மறுபடி எழுதிப் பாஸான பிறகு, யார் எழுதிக் காட்டினாலும் சந்தேகப்படாமல் எதையும் பார்த்தெழுதுவதில்லை என்று முடிவெடுத்தாள்.

மூன்றாம் வருடத்தில், முதலாம் வருடப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்க சக மாணவ வழிகாட்டிகள் தேவை என்று அறிவித்தல் போட்டார்கள். கொறற்றி முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். வழிகாட்டி என்பதெல்லாம் வளாகம் கொடுக்கிற கடிதத்தில் இருக்கிற பெயர். பிள்ளைகள் வாயில் அது குப்பிதான். குப்பி விளக்கைச் சுற்றி உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்த காலத்துப் பேர் அப்படியே நின்றுவிட்டது.

அவளுக்குக் கிடைத்தது மாத்தளைக் கோஷ்டி. வீட்டிலிருந்தே தினமும் போய்வருகிற மூன்று பேர். வளாகம் விட்டதும் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள், அதனால் குப்பியைச் சனிக்கிழமைக்கு மாற்றி மாத்தளை டவுனிலேயே வைத்துக்கொண்டார்கள். இடம் கொடுத்தது றம்ஸி. அவனுடைய வாப்பாவின் மிளகு, கராம்பு வாங்கும் கடைக்கு மேல்மாடி சும்மாதான் கிடந்தது. வாசலில் தொங்கவிடுகிற விலைப் பலகையின் பின்பக்கம்தான் போர்ட். ஒருநாள் பலகையைத் திருப்பி மாட்டிவிட்டார்கள். பல்லேபொலயிலிருந்து மிளகு கொண்டுவந்த ஒருவர் முடிவிலிக் குறிக்கு முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, படுத்துக் கிடக்கிற அந்த எட்டுதான் இன்றைய விலையா என்று கேட்டாராம். றம்ஸியின் வாப்பா அதைச் சொல்லிச் சொல்லி ஒரு கிழமை சிரித்தார்.

கொறற்றியின் குப்பிக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் போர்டில் போடுகிற கணக்குக்குள் வேண்டுமென்றே ஒரு பிழையை ஒளித்து வைப்பாள். அதற்குப் பெயர் கள்ளன். வீட்டுக்குப் போவதற்கு முன் பிள்ளைகள் கள்ளனைப் பிடித்தால் அவள் எல்லாருக்கும் பிளேன்டீயும் ரோல்ஸும் வாங்கித் தர வேண்டும். பிடிக்காவிட்டால் அவர்கள் வாங்க வேண்டும். எழுதும்போது அவள் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. பச்சைப் பொய்யை எழுதிவிட்டு, விளங்கிச்சா என்று வேறு கேட்பாள். தோட்டத்துப் பிள்ளையான மேர்வின் ஒவ்வொரு வரியையும் பொலிஸ்காரன் மாதிரி விசாரிப்பான். றம்ஸி ரோல்ஸுக்காகவே படித்தான். மேல்மாடியில் மிளகுத் தூசிக்கு எல்லாரும் தும்மிக்கொண்டே கள்ளன் தேடுவார்கள்.

மூன்றாவது ஆள் றிஸ்னா, யட்டவத்தைக்காரி. முதல் நாள் அவள் பேசிய நீளமான பேச்சு ஒன்றே ஒன்றுதான்.

“மொத செமஸ்டர்ல மெத்ஸ் பெயில் அக்கா. இன்னொரு தரம் பெயிலானா வளாகம் போதும், வீட்டோட இருண்டு நானா சொல்லிட்டாரு.”

நானா என்றது அண்ணனை. அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. போர்டில் உள்ளதை அழகாக எழுதிக்கொள்வாள். மூன்றரை யட்டவத்த பஸ்ஸை விட்டால் வீடு போய்ச்சேர இருட்டிவிடும் என்று மூன்றேகாலுக்கே பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவாள். கள்ளன் பிடிபடுவதோ எப்படியும் நாலு மணிக்கு மேல்தான். அதற்கும் கொறற்றி வழி செய்திருந்தாள். பிடிபட்ட விபரத்தை வாட்ஸ்அப் குறூப்பில் போடுவது றம்ஸியின் பொறுப்பு. றம்ஸியும் ஒரு கிழமைகூடத் தவறாமல் போட்டான்.

செமஸ்டர் நடுவில் ஒரு டெஸ்ட் வைத்தார்கள். மேர்வினும் றம்ஸியும் நல்ல புள்ளி. றிஸ்னாவுக்கு நூற்றுக்கு இருபத்தெட்டு.

கொறற்றி அவளுடைய விடைத்தாளை வாங்கிப் பார்த்தாள். முதல் கணக்கில், எக்ஸ் பூச்சியமாகவும் இருக்கலாம் என்பதை மறந்து இரண்டு பக்கத்தையும் எக்ஸால் வகுத்திருந்தாள், ஒரு விடை காணாமல் போயிருந்தது. அடுத்ததில் மறை எண்ணால் வகுத்துவிட்டுச் சமனிலிக் குறியைத் திருப்பாமல் விட்டிருந்தாள். மூன்றாவதைக் கொறற்றி இரண்டு தரம் வாசித்தாள். எல்லாம் தெரிந்த முகங்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளே பெற்று வளர்த்த கள்ளர்கள், வரிசை மாறாமல் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

குறூப்பைத் திறந்து மேலே மேலே தள்ளினாள். கிழமைக்கு ஒன்றாக றம்ஸியின் மெசேஜ் இருந்தது. ‘கள்ளன் பிடிபட்டான்’, பக்கத்தில் ஒரு சிரிக்கிற பூனை. எந்த வரியில், என்ன பிழை என்று ஒரு சொல் இல்லை. அந்த எருமையை என்ன செய்வது? அதைவிட, ஒருநாளும் திறந்து பார்க்காத இந்த எருமையை என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு யட்டவத்த பஸ் ஏறினாள். றிஸ்னாவின் நானா ஸுஹைலுக்குச் சந்தையில் மரக்கறிக் கடை. அப்போதுதான் கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்திருந்தார். டெஸ்ட் புள்ளி அவர் காதுக்கு எட்டியிருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. கொறற்றி உட்காரவில்லை.

“றிஸ்னா மேல குத்தம் இல்லைங்க நானா. அவ எழுதின பிழையெல்லாம் என்னோடது. நான்தான் போர்டுல வேணும்னே பிழையா எழுதினேன்.”

ஸுஹைல் நானா அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“வேணுமிண்டே?”

“ஆமாங்க.”

“அதுக்குத்தான் வளாகத்துல லெட்டரும் குடுத்திருக்காங்களா?”

கதவுக்குப் பின்னால் நின்ற றிஸ்னாவின் உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கள்ளன் விளையாட்டை முதலிலிருந்து விளக்க அரை மணித்தியாலமும் இரண்டு கோப்பைத் தேநீரும் ஆயின. நானாவுக்கு விளங்கியதா தெரியாது. கடைசிப் பரீட்சை வரைக்கும் பார்ப்பதாகச் சொன்னார், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை என்றும் சொன்னார்.

பிறகு றிஸ்னாவின் கொப்பியைத் திறந்தார்கள். கள்ளர்களை ஒவ்வொருவராகக் காட்டிக்கொடுக்கத்தான் கொறற்றி வந்திருந்தாள். முதல் கள்ளன் இருந்த வரிக்குப் பக்கத்தில் தாள் தேய்ந்திருந்தது. பென்சிலால் எதையோ எழுதி அழித்த தடம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எக்ஸ் பூச்சியம் என்ற தொலைந்துபோன விடை, சரியாக, அங்கே இருந்தது. அடுத்த பக்கத்திலும் அப்படித்தான். ஆறு கள்ளர்களில் ஐந்து பேரை றிஸ்னா தனியாகவே பிடித்திருந்தாள், பிடித்தவர்களை அழித்தும் விட்டிருந்தாள்.

ஏன் என்று கொறற்றி கேட்டாள்.

“கள்ளன் ஒண்டு ஈக்கிண்டு தெரியும் அக்கா. நான் பிடிச்சது கள்ளன்தானாண்டுதான் தெரியல்ல. நான் பெயிலான ஆள். நீங்க எழுதினதும் நான் எழுதினதும் வேற வேறயா இருந்தா, பிழை நான் எழுதினதாத்தானே இருக்கும்?”

கொறற்றிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சீனியர் அக்காவின் நோட்டுக்கு முன்னால் முதலாம் வருடத்தில் தானும் இதே மாதிரித்தான் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். அதை மாற்றுகிறேன் என்று கிளம்பி, கடைசியில் தானே இன்னொரு நோட்டாகிப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை சோக்கட்டியை றிஸ்னாவின் கையில் கொடுத்தாள். இனிமேல் கணக்குப் போடுவது அவள், கள்ளனை ஒளிப்பதும் அவள், தேடுவது மற்ற மூன்று பேர். றிஸ்னா போர்டைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். பிறகு மெதுவாக எழுதத் தொடங்கினாள். எழுதி முடித்துத் திரும்பியபோது முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. விளங்கிச்சா அக்கா என்று வேறு கேட்டாள். இந்தப் பிள்ளைக்குள் இவ்வளவு விஷமம் எங்கே இருந்தது என்று கொறற்றி வியந்து போனாள்.

மூன்றேகால் வரைக்கும் தேடினார்கள். கள்ளன் கிடைக்கவில்லை. றிஸ்னா பையைத் தூக்கினாள்.

“பஸ் வந்திரும் அக்கா,” என்றாள். இறங்கிப் போய்விட்டாள்.

கொறற்றிக்கு நாலு நாள் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை விரிவுரை நடுவில் கள்ளன் கண்ணில் பட்டான், தொகையிடும்போது ஒரு சைனுக்குக் குறி மாறியிருந்தது. பிந்திப் பிடித்தாலும் பிடித்ததுதான் என்று றிஸ்னாவே ஒத்துக்கொண்டாள், அந்தக் கிழமை டீயும் ரோல்ஸும் அவள் செலவு. அதற்குப் பிறகு வந்த நாலு சனிக்கிழமையும் கொறற்றிதான் செலவழித்தாள். புதுச் சட்டப்படி, தேடுகிறவர்கள் தோற்றால் வாங்குவது வழிகாட்டி. சட்டத்தை எழுதியது றம்ஸி.

கடைசிப் பரீட்சை முடிவு வருகிற நாளில் கொறற்றி தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போகிற பஸ்ஸில் இருந்தாள். ஃபோன் அதிர்ந்தது. றிஸ்னாவின் மெசேஜ்.

‘அக்கா ரிசல்ட் வந்திட்டு. நான் பெயில்.’

என்ன, எப்படி என்று எழுதுவதற்குள் பஸ் வளைவில் திரும்பியது. சிக்னல் போயிற்று. அந்த ரோட்டில் ரத்தோட்டை வரைக்கும் இனிக் கிடைக்காது. கொறற்றி ஃபோனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள், உச்சந்தலைக்கு மேலே தூக்கினாள். ஒன்றும் வரவில்லை. டவுனில் இறங்கியதும் நேரே யட்டவத்த பஸ் ஏறுவது என்று முடிவெடுத்தாள். ஸுஹைல் நானாவிடம் என்ன சொல்வது? ஒரு விளையாட்டுக்காக உங்கள் தங்கச்சியின் படிப்பைக் கெடுத்துவிட்டேன் என்றா? கண்ணீர் தானாக இறங்கியது. பக்கத்து சீட் அம்மா தலைசுற்றுகிறதா என்று கேட்டு, ஒரு தேசிக்காயை எடுத்து அவள் கையில் வைத்தார். கொறற்றி அதை முகர்ந்து முகர்ந்து அழுதாள்.

ரத்தோட்டை வந்ததும் ஃபோன் இரண்டு தரம் அதிர்ந்தது.

‘மேல உள்ள மெசேஜ்ல ஒரு கள்ளன் ஈக்கி. பிடிங்க பாப்போம்.’

அடுத்தது:

‘பிடிக்காட்டி ரோல்ஸ் உங்கட செலவு. நானா எழுபது புள்ளியைத் தாள்ல எழுதி மரக்கறிக் கடையில ஒட்டிட்டாரு.’

கொறற்றி சத்தமாகவே சொன்னாள், “கழுதை.”

பக்கத்து சீட் அம்மா தேசிக்காயைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.