அத்தையை நான் கண்டுபிடித்த நாள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் மகள் டிவியில் ஒரு துப்பறியும் படம் போட்டாள். காணாமல் போன ஒரு பெண்ணைத் தனியார் துப்பறிவாளர் ஒருவர் தேடுகிறார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இடைவேளைக்குப் பிறகு அவர் ஒரு சின்ன வீட்டின் கதவைத் தட்டினார். உள்ளே வளையல் சத்தம் கேட்டது. நான் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்துவிட்டேன்.

“ஏம்மா, சினிமாவுக்கே இப்படிப் பயந்தா எப்படி?” என்று மகள் சிரித்தாள். அவளுக்குப் பதினேழு வயது. நான் அடுத்த வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.

எனக்கு ஒன்பது வயது இருந்தபோது நானும் ஒரு துப்பறிவாளராக இருந்தேன். ஒரே ஒரு வழக்கு. அதில் வெற்றியும் பெற்றேன்.

நாமகிரிப்பேட்டைப் பக்கம் எங்கள் தோட்டம். அப்பாவுக்கு நிலத்தோடு இரண்டு லாரிகளும் இருந்தன. தகுதிச் சான்று வாங்க எப்.சி.க்குப் போகும் முன் லாரிக்குப் பெயின்ட் அடிக்க ஒரு இளைஞர் வருவார். வாசலிலேயே நான்கைந்து நாள் வேலை நடக்கும். அவருக்கு மட்டும் தனி டம்ளரில் டீ. குடித்ததும் அவரே கழுவி மாட்டுக்கொட்டகைச் சுவரில் கவிழ்த்துவிட்டுப் போவார். எல்லாப் பெயின்டர்களையும் போல அவரும் லாரியின் பின்பக்கம் பசுவும் கன்றும் வரைவார். ஆனால் மற்றவர்கள் வரையும் கன்று பால் குடித்துக்கொண்டிருக்கும். இவருடைய கன்று குடிப்பதை நிறுத்திவிட்டு நம்மைத் திரும்பிப் பார்க்கும். “ஏனுங்க, அதுக்குப் பசிக்கலீங்களா?” என்று கேட்டேன். “பசிக்குது சாமி. யாரோ வர்ற சத்தம் கேட்டுருச்சு, அதான் பாக்குது” என்றார். அப்பாவின் தங்கை, என் அத்தை, கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தாள்.

அடுத்த தை மாதம் அத்தை காணாமல் போனாள். “அந்தப் பெயின்டர் பய கூட்டீட்டுப் போயிட்டான்” என்று பெரியப்பா கத்தியதைக் கேட்டேன். மூன்றாம் நாள் வீட்டில் எல்லோரும் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். எனக்கும் ஊற்றினார்கள். இன்றைக்கு என்ன நோம்பி, என்ன பண்டிகை என்று கேட்டதற்கு அம்மா என் தலையைத் துவட்டிவிட்டு உள்ளே போனாள். சுவரில் இருந்த அத்தையின் போட்டோவும் இல்லை. போலீசுக்குக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் டிவியில் ஒரு துப்பறியும் படம் வந்தது. கடத்தப்பட்ட பெண்ணைத் துப்பறிவாளர் மீட்டுக் கொண்டுவருகிறார். அவளுடைய அப்பா ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுகிறார். துப்பறிவாளருக்கு மாலை போடுகிறார்கள். எங்கள் அப்பா சரியாகச் சாப்பிடுவதே இல்லை. தினமும் பெரியப்பாவோடு வண்டியில் எங்கெங்கோ போய் வெறுங்கையோடு திரும்புவார். தங்கை மேல் அவருக்கு அவ்வளவு உயிர் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் வழக்கை ஆரம்பித்தேன். காணாமல் போனவர்: அத்தை. நிறம்: மாநிறம். அடையாளம்: சத்தமாகச் சிரிப்பார்.

ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை காலை, பஸ் நிறுத்தத்துப் பஞ்சர் கடையில் புத்தம் புதிய லாரி ஒன்று நின்றது. பின்னால் பசு. கன்று என்னைத் திரும்பிப் பார்த்தது. பாடி கட்டும் பட்டறைகள் தங்கள் பெயரையும் ஊரையும் லாரியின் ஓரத்தில் எழுதிவைப்பது வழக்கம். மூச்சு வாங்க அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். ஊர் சங்ககிரி.

மதியம் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நோட்டைப் பிரித்துப் படித்துக் காட்டினேன். அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது.

“லாரிக்கு லாரி மாடும் கன்னுந்தானுங்க. கொளந்தைக்கு என்ன தெரியும்?” என்ற அம்மா, மோர் ஊற்றுவதுபோல் குனிந்து என் தொடையைக் கிள்ளினாள்.

“எதுக்குங்மா கிள்றீங்க?” என்று நான் கத்தினேன்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார்.

அரை மணி நேரத்தில் பெரியப்பாவின் அம்பாசடர் வந்தது. “எஞ்சாமி! போலீசுக்காரன் கெட்டான் போ” என்று என் கன்னத்தைத் தடவினார். பிறகு அப்பாவிடம், “கொளந்தையும் வரட்டும். நம்மளப் பாத்தா ஓடுவா. இவளப் பாத்தா ஓடமாட்டா” என்றார்.

“அவளுக்குக் காச்சலுங்க மாமா” என்றாள் அம்மா.

“எனக்கு ஒண்ணுமில்லீங்க பெரீப்பா!” என்று சொல்லி நானே காரில் ஏறிக்கொண்டேன். அம்மா கார்க் கதவைப் பிடித்தபடியே நின்றாள். கார் கிளம்பியும் கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்தாள்.

பின்சீட்டில் என் காலடியில் சாக்கு சுற்றிய நீளமான பொருள் ஒன்று கிடந்தது. “அதும்மேல காலு வெக்காத சாமி” என்றார் பெரியப்பா. ஜாக்கி ராடு என்று நினைத்தேன். ஆனால் கார் குலுங்கும்போதெல்லாம் அப்பா திரும்பி அதைப் பார்த்தார். திருச்செங்கோட்டில் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார்கள். இருவரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். படத்தில் இந்த இடத்தில் எல்லோரும் மகிழ்ச்சியாகப் பேசுவார்கள்.

சங்ககிரியில் ரோட்டோரம் வரிசையாகப் பட்டறைகள். காரைத் தள்ளி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார்கள். “நீ மட்டும் போ. அத்தை இருக்காளான்னு பாத்துட்டு வந்து சொல்லு. நாங்க வந்திருக்கறதச் சொல்லாத” என்றார் அப்பா. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

உள்ளே வெல்டிங் சத்தம் காதைப் பிளந்தது. இரண்டு லாரிகளைத் தாண்டி மூன்றாவதின் பின்னால் பெயின்டர் ஸ்டூல் மேல் நின்றிருந்தார். கீழே அத்தை. தகர டப்பாவில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தாள். வயிறு பெரிதாக இருந்தது.

“அத்தே!” என்றேன்.

நிமிர்ந்தவள் என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி ரோட்டைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. பெயின்டர் ஸ்டூலிலிருந்து இறங்கி அவளுக்கு முன்னால் வந்து நின்றார். கையில் பிரஷ் மட்டும்தான் இருந்தது.

“யாரு கண்ணு வந்திருக்காங்க?” என்று அத்தை கேட்டாள்.

சொல்லாதே என்று அப்பா சொல்லியிருந்ததால் நான் சொல்லவில்லை. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தாள். “என்னய பாக்கலீன்னு சொல்லீரு சாமி. உங்காலுல உளுகறேன்.” பிறகு கையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். பெரியவர்கள் கோயிலில்தான் அப்படிக் கும்பிட்டுப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்ததும்தான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. எதைக் கண்டு என்று தெரியாத பயம். திரும்பி ஓடினேன்.

காரின் கதவு திறந்திருந்தது. சாக்கு இப்போது பெரியப்பாவின் மடியில் இருந்தது.

“இருக்காளா?” என்றார் பெரியப்பா.

“இல்லீங்க. யாரோ ஒரு தாத்தா பெயின்ட் அடிக்கறாரு.”

“ஏஞ்சாமி அளுகற?”

“நாயி தொரத்துச்சுங்க.”

“நான் ஒரெட்டுப் பாத்துட்டு வாரேன்” என்று பெரியப்பா காலைக் கீழே வைத்தார். அப்பா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார். மணிக்கட்டில் அத்தையின் ஐந்து விரலும் நீலப் பெயின்ட்டாகப் பதிந்திருந்தது. நானே அப்போதுதான் பார்த்தேன். அப்பா அதைப் பார்த்தார். தன் உள்ளங்கையால் மூடி இறுக்கிக்கொண்டார்.

“எம்புள்ள பொய் சொல்லாதுங்ணா. ஏறுங்க, போலாம்.”

“ஒரெட்டுத்தான்டா.”

“ஏறுங்கங்கறேனில்லீங்” என்றார் அப்பா. அண்ணனிடம் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

வீடு வரும்வரை அப்பா என் கையை விடவில்லை. அழுகிறேனே என்றுதான் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன். அந்த வாரமே அவர்கள் அந்தப் பட்டறையை விட்டுப் போய்விட்டதாகப் பல வருடங்கள் கழித்துக் கேள்விப்பட்டேன். எங்கே என்று நான் விசாரிக்கவில்லை. இன்றுவரை விசாரிக்கவில்லை.

தோட்டத்துக்குத் திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. நாங்கள் இறங்கியதும் பெரியப்பா காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். அடுப்பு பற்றவைக்கவில்லை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டவில்லை. என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் நேராக அப்பாவிடம் போனாள். சட்டையின் முன்பக்கத்தைப் பார்த்தாள், சுற்றிவந்து முதுகைப் பார்த்தாள், குனிந்து வேட்டியின் கரையைப் பார்த்தாள். பிறகு அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கையில் நீலம் காய்ந்திருந்தது. அதைக் கட்டை விரலால் தேய்த்து மோந்து பார்த்தாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள்.

துணியில் கறை பட்டால் அம்மாவுக்கு ஆகாது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

“பெயின்ட்டுத்தானுங்மா. சீமெண்ணெய் போட்டாப் போயிரும்” என்றேன்.