வீடு மாற்றுகிறவன் வீடு தேடிய கதை

ஒரு குடும்பத்தின் கட்டிலுக்கு அடியில் என்னென்ன கிடக்கிறது என்பது வீடு மாற்றுகிற அன்றைக்குத்தான் தெருவுக்குத் தெரியும். சாமான் கட்டுகிற எங்களுக்கு முந்தின நாளே தெரிந்துவிடும்.

வாடகை வீட்டில் குடியிருந்து, "என் தம்பி குடும்பம் வருது, நீங்க வேற எடம் பாத்துக்குங்க" என்று வீட்டுக்காரர் சொல்லக் கேட்டவர்களுக்கு நான் எழுதுவதெல்லாம் புரியும். சொந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் திருவள்ளூரில் ஏழுமலை அண்ணன் ஒரு பழைய லாரி வைத்திருந்தார். அவர் ஓட்டுவார், நான் சாமான் கட்டுவேன், இன்னும் இரண்டு பேர் தூக்குவார்கள். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வீடு மாற மாட்டார்கள். அப்போது செங்கல்லும் நெல் மூட்டையும் ஏற்றுவோம். அந்த மாதங்களுக்கு முன்னும் பின்னும் ஊரே ஒன்றாகக் கிளம்பும். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். புது ஆளிடம் வாய் திறக்க மாட்டேன். ஆனால் எண்ணிக்கையில் தவற மாட்டேன். ஏற்றும்போது எத்தனை உருப்படியோ, இறக்கும்போதும் அத்தனை.

எங்கள் தொழிலில் யாரும் சொல்லித் தராத சட்டம் ஒன்று இருந்தது. காலி செய்கிற வீட்டில் நாங்கள் எங்கே வேண்டுமானாலும் போகலாம், அடுப்பங்கரை வரைக்கும். இனிமேல் அது அவர்கள் வீடு இல்லையே. குடிபோகிற வீட்டில் நடையோடு நின்றுகொள்ள வேண்டும். உள்ளே அவர்களே வாங்கிவைத்துக்கொள்வார்கள். நான் திருப்பாச்சூர் காலனிக்காரன். இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சமயத்தில் எனக்கும் ஒரு வீடு தேவைப்பட்டது. என் மனைவி பச்சையம்மா தலைப்பிரசவத்துக்கு மீஞ்சூரில் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். காலனியில் என் கூடப்பிறந்த அண்ணன் குடும்பத்தோடு ஒரே அறையில்தான் இருந்தோம். பையன் பிறந்த மழைக்காலத்தில் அந்த அறையின் பின்சுவர் விழுந்துவிட்டது. மாமனார் கோபக்காரர் இல்லை. ஒரு வீடு பார்த்துவிட்டு வந்து கூட்டிக்கொண்டு போகச் சொன்னார், அவ்வளவுதான். வாரத்துக்கு இரண்டு காலி வீட்டுக்குள் நிற்கிறவன் நான். எனக்கா கிடைக்காது என்று நினைத்தேன்.

பத்து சாமான்

ரயிலடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வீடு. முந்தின நாள் சாயங்காலம் சாமான் பார்க்கப் போனேன். எல்லாம் சேர்த்து பத்து சாமான்தான், ஒரு நடைக்கே இடம் மீதியாகும் என்று வாத்தியார் சொன்னார். இப்படிச் சொல்லாத ஆண்பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை. நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

எண்ணிக்கொண்டே அடுப்பங்கரைக்குப் போனேன். பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, நடுவில் வைக்கோல் திணிக்க வேண்டும். அதற்குப் பெரியது எது, சிறியது எது என்று முன்பே பார்த்துவைத்தால்தான் மறுநாள் கை ஓடும். நிமிர்ந்தபோது உத்தரத்தில் ஓர் இரும்பு வளையம் தொங்கியது. தூளி கட்டுவதற்கென்றே போட்டது. பக்கத்திலேயே ஜன்னல். பையன் அதில் தூங்குவதாகவும், பச்சையம்மா ஒரு கையால் ஆட்டிக்கொண்டே அடுப்பை ஊதுவதாகவும் எனக்குத் தோன்றிவிட்டது. அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரரே வந்தார். சுவரில் எத்தனை ஆணி அடித்திருக்கிறார்கள் என்று தடவிப் பார்த்துக்கொண்டு போனார். நான் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே மூன்று அறைக்கும் போனேன். இன்னும் இரண்டு ஆணி விட்டுவிட்டீர்கள் என்று காட்டத்தான் என்னால் முடிந்தது.

அவர் போன பிறகு எண்ணி முடித்தேன். ஊறுகாய் ஜாடி, அம்மிக்குழவி எல்லாம் சேர்த்து நாற்பத்து மூன்று உருப்படி. வாத்தியார் நம்பவில்லை, நான் எதையோ இரண்டு தடவை எண்ணிவிட்டேன் என்றார். பரண் மேலிருந்து அண்டாவை இறக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "அந்தப் பத்துல நானும் புள்ளைங்களும் சேத்தியான்னு மொதல்ல அவரக் கேளுப்பா."

ஒரே நேரம், இரண்டு அடுப்பு

குளக்கரையில் ஒரு குமாஸ்தா, ரயிலடியில் ஒரு குமாஸ்தா. ஒருவருக்கு ரயில் கிட்டே வேண்டும், இன்னொருவருக்குப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் கிட்டே வேண்டும். வீட்டை மாற்றிக்கொள்வதென்று முடிவு செய்தார்கள். இருவரும் ஒரே ஜோசியரிடம் போய்விட்டார்கள் என்பது காலையில்தான் தெரிந்தது. ஒரே நாள், ஒரே நேரம்.

புது வீட்டில் பால் காய்ச்சாமல் இந்த வீட்டு அடுப்பை அணைக்க மாட்டேன் என்று குளக்கரை அம்மாள் சொல்லிவிட்டார். ரயிலடி அம்மாளும் அதையேதான் சொன்னார். குளக்கரை வீட்டுச் சாமான் பாதி லாரியில், பாதி தெருவில். ஓர் ஆடு வந்து பித்தளைக் குடத்துக்குள் தலையை விட்டு, நான் திணித்த வைக்கோலை இழுத்துத் தின்றது. நல்ல நேரம் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு வேறு கவலை. இந்த மாற்றத்தில் காலியாகும் வீடு என்று ஒன்றுமே இல்லை.

கடைசியில் ஏழுமலை அண்ணன்தான் வழி கண்டுபிடித்தார். பால் செம்போடு குளக்கரை அம்மாளை முன்சீட்டில் ஏற்றி ரயிலடியில் இறக்கினார். அங்கிருந்த அம்மாளை அதே சீட்டில் ஏற்றிக் குளக்கரைக்குக் கொண்டுவந்தார். அவர் அடுப்பில் இவர், இவர் அடுப்பில் அவர் பால் பொங்க வைத்தார்கள். யாரும் காலி செய்யாமலே இருவரும் குடிபோயாகிவிட்டது. நாங்கள் மறுபடி மூட்டையைத் தூக்கப் போனபோது, குளக்கரை குமாஸ்தா பால் தம்ளரோடு வந்து நின்றார். "பால் பொங்கியாச்சு, குடியும் வந்தாச்சு. இனிமே லாரி எதுக்குப்பா?"

நல்ல கை

பையன் குப்புற விழுந்தான், தவழ்ந்தான், பல் முளைத்தது. எல்லாவற்றையும் மீஞ்சூருக்குப் போகும்போதுதான் பார்த்தேன். முதலில் பச்சையம்மா, வீடு பார்த்தாயா என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

என்னைக் கூச்சக்காரன் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி கூச்சம்தான். மீதிப் பாதி என்ன என்று இப்போது சொல்லப்போகிற வீட்டில் தெரியும். தேரடிக்குப் பின்னால் ஒரு வீடு காலியானது. ஏழுமலை அண்ணன் என்னைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினார். வீட்டுக்கார அம்மாள் நல்ல மாதிரி. எத்தனை பேர் என்று கேட்டார், மூன்று என்றேன். வேலை கேட்டார், சொன்னேன். ஊர் கேட்டார், திருப்பாச்சூர் என்றேன். சிவன் கோயில் ஊராச்சே என்று சிரித்தார். பிறகு, திருப்பாச்சூரில் எந்தப் பக்கம் என்று கேட்டார். கோயில் பக்கம் என்று சொல்லியிருக்கலாம். காலனி என்றேன். அவர் முகம் ஒன்றும் மாறவில்லை. நேற்றுத்தான் ஒருத்தர் வந்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார் என்று சொல்லி, வெயிலில் வந்தாயே, தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன்.

அந்த வீடு அதன் பிறகும் பூட்டித்தான் கிடந்தது. அடுத்த மாதம் ஒரு குடும்பத்தை அங்கே நாங்களே கொண்டுபோய் இறக்கினோம். கண்ணாடி பீரோ ஒன்று. வாசல் குறுகல். கதவைக் கழற்றி, சாக்கை விரித்து, கண்ணாடியில் மூச்சுக் காற்றுகூடப் படாமல் நடை வரைக்கும் கொண்டுவந்து வைத்தேன். அந்த அம்மாள் பக்கத்திலேயே நின்று பார்த்தார். என்னை நினைவு வைத்திருந்தாரா என்று தெரியவில்லை. மனசாரத்தான் சொன்னார்: "நல்ல கைப்பா உனக்கு, ஒரு கீறல் விழல. பின்னாடி போர்ஷன் காலியாத்தான் கீது, நல்ல ஆளா இருந்தா கூட்டினு வா."

வலை

கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வரத் தொடங்கிய காலம். காட்டுப்பள்ளிப் பக்கத்துக் குப்பத்திலிருந்து, ஏரியில் மீன் பிடிக்கிற ஒரு குடும்பம் அங்கே குடிபோனது. மீன்காரருக்கு ஓர் இரும்புக் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. மணலில் லாரி வராது. சாமானெல்லாம் தலைச்சுமையாக ரோடு வரைக்கும் வந்தது. நான் கட்டியதிலேயே சின்ன வீடு அதுதான். பதினோரு உருப்படி, அதில் ஒன்று வலை. மற்ற பத்தையும் சேர்த்தால்கூட அந்த வலையின் கனம் வராது.

போகிற வழியில், மீஞ்சூரில் ஏழுமலை அண்ணன் டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி இறங்கிப்போனார். திரும்பி வரும்போது கூடவே பச்சையம்மா வந்தாள், இடுப்பில் பையன். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் வீடு தேடிய லட்சணம் போதும், இனிமேல் அவளே வந்து பார்க்கட்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டு அண்ணன் வண்டியை எடுத்தார். மீன்காரர் மனைவியும் பச்சையம்மாவும் முன்சீட்டில். நான் மேலே, வலை மேல் உட்கார்ந்து போனேன்.

கும்மிடிப்பூண்டியில் ஆந்திரப் பக்கத்துக்காரர் ஒருவர் வரிசையாக எட்டு அறை கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். எல்லோரும் அவரை நைனா என்றே கூப்பிட்டார்கள். சுவரில் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. மீன்காரர் மனைவி எங்களை உள்ளேயே கொண்டுவந்து வைக்கச் சொன்னாள். வலையை நாங்கள் நான்கு பேராக இறக்கியதும் நைனா மூக்கைப் பிடித்துக்கொண்டார். கம்பெனி ஆளாகிவிட்ட பிறகு இது எதற்கு, விற்றுவிட்டு வரக் கூடாதா என்றார். மீன்காரர் வலையை உதறி, வாசல் பக்கமாக மடித்துப் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். "கம்பெனிய நாளைக்கே பூட்டிக்கினு போவான் நைனா, ஏரிய எவன் பூட்டுவான்?"

எந்த கம்பெனி

சாமான் இறங்கி முடிந்தது. ஏழுமலை அண்ணன் சக்கரத்தைப் பார்க்கிற மாதிரி லாரிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். பச்சையம்மா என்னைப் பார்த்தாள். நான் கயிற்றைச் சுற்றினேன். சுற்றிய கயிற்றைப் பிரித்து மறுபடி சுற்றினேன். பிறகு நைனா முன்னால் போய் நின்று, இங்கே ஒரு ரூம் வேண்டும் என்று சொன்னேன். யாருக்கு என்றார். எனக்குத்தான் என்றேன். எத்தனை பேர் என்றார். மூன்று என்றேன். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். வழியெல்லாம் வலை மேல் உட்கார்ந்து அதற்குத்தான் தைரியம் சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். எந்தப் பக்கம் என்று கேட்டால், காலனி என்று நிமிர்ந்து சொல்லிவிட வேண்டும்.

நைனா கேட்டது வேறு. "எந்த கம்பெனி?"

எனக்குக் கம்பெனி ஏது. மாசம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவனுக்குத்தான் ரூம், கூலிக்காரன் இன்றைக்கு இருப்பான், நாளைக்குப் போய்விடுவான் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சேர்த்துக்கொண்டு வந்த தைரியம் எதற்கும் உதவவில்லை. தலையை ஆட்டிவிட்டு லாரிப் பக்கம் திரும்பினேன். பச்சையம்மா குறுக்கே வந்து நின்றாள். பையனை என் கையில் கொடுத்தாள். அவன் என்னைப் புது ஆள் என்று நினைத்து அழத் தொடங்கினான். அந்த அழுகைக்கு மேல்தான் அவள் பேச வேண்டியிருந்தது.

"கம்பெனி இல்ல நைனா. இவரு ஊடு மாத்தறவரு. மீஞ்சூரு, பொன்னேரி, திருவள்ளூரு, எங்க எவன் காலி பண்றான், எவன் ஊடு தேடறான், அல்லாம் இவருக்குத் தெரியும். உங்க கைல நாலு ரூமு சும்மா கெடக்குது. இவர இங்க வச்சிக்கினா நாலுக்கும் ஆளு வரும். அனுப்பிட்டீங்கன்னா வேற ஊட்டுக்குத்தான் கூட்டினு போவாரு."

நைனா மீசையைத் தடவினார். என்னைப் பார்த்து, அவள் சொல்வது நிஜமா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கணக்கு தப்பாக இருந்தது. எட்டு ரூமில் இரண்டில் முன்பே ஆள் இருந்தார்கள், ஒன்றில் மீன்காரர் வந்துவிட்டார். பச்சையம்மா முன்சீட்டிலிருந்து பார்த்ததில், கோடியில் வேப்பமரம் மறைத்த ரூம் அவள் கண்ணில் படவில்லை. அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் சொன்னேன்: "காலி நாலு இல்ல நைனா, அஞ்சு."

பச்சையம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியாது. லாரிக்கு அந்தப் பக்கம் ஏழுமலை அண்ணன் தலையில் அடித்துக்கொள்வது கேட்டது. நைனா மட்டும் சிரித்தார். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து, ஒரு சாவியைத் தனியாகக் கழற்றிப் பச்சையம்மா கையில் போட்டார்.

"அது முன்ன. வேப்பமரத்து ரூம உனக்குக் குடுத்தாச்சே, இப்ப நாலுதான்."

இத்தனை வருஷத் தொழிலில் என் எண்ணிக்கையில் ஒன்று குறைந்து, அதற்காக நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.