வண்டியைக் குனிய வைத்தவள்

எங்கள் சந்தில் அவளுக்குச் சீட்டக்கா என்று பெயர். கார்களுக்கும் வேன்களுக்கும் சீட் உறை தைப்பதால் வந்த பெயர். விவரம் தெரியாமல் புதிதாகக் குடிவந்தவர்கள், சீட்டுப் பிடிக்கிறவள் என்று நினைத்து அடுத்த குலுக்கல் எப்போது என்று விசாரித்ததுண்டு. "நான் போன மாசமே சீட்டுப் பணத்தோட ஓடிட்டேனே, உங்களுக்குத் தெரியாதா?" என்பாள், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி. வந்தவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் விழிப்பார்கள். அப்படி விழிக்க வைப்பதில் அவளுக்குத் தனி ருசி.

நான் எதிர்க்கடையில் வண்டிகளுக்கு நம்பர் பலகை எழுதுகிறவன். அவள் கால்கள் ஓடிய காலத்தையும் பார்த்திருக்கிறேன். மெத்தைக் கடையில் ஊசி பிடிக்கக் கற்றவள், யார் பேச்சையும் கேட்காமல் தனியாகக் கடை போட்டாள். அளவெடுக்க அரைத் தெரு தூரம் ஓடுவாள், நூல் தீர்ந்தால் பஸ்ஸைத் துரத்திப் பிடிப்பாள். ஒரு நாள் ஸ்கூட்டரில் போனவளை லாரி ஒன்று உரசித் தள்ளியது. முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே எல்லாம் அவளுடையதாக இருந்தும் அவள் சொன்னதைக் கேட்காமல் போயிற்று.

படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு வந்ததும் முதல் வேலையாகத் தையல் இயந்திரத்தின் மிதியைக் கழற்றி மேலே தூக்கிக் கட்டினாள். காலின் வேலையை முழங்கைக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். அடுத்து கார். அவள் கணவருடைய முதலாளி கழித்துக் கட்டிய பழைய வண்டி அது, ஜீப்புக்குத் தம்பி மாதிரி உயரம். எங்கள் சந்து மெக்கானிக், கிரீஸ் அண்ணன் என்று கூப்பிடுவோம், அதில் பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் கையால் இயக்குகிற கம்பி ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார். அவள் ஓட்டிப் பழகி, லைசென்சும் வாங்கினாள்.

ஓட்டத் தெரிந்ததே தவிர, ஏற முடியவில்லை. அதுதான் சங்கடம். நாற்காலியின் மட்டத்துக்கும் வண்டி சீட்டின் மட்டத்துக்கும் நடுவே ஒரு சாண் உயரத்துக்கு வித்தியாசம். ஒரு பலகைக்கு வழுவழுப்பான ரெக்ஸின் ஒட்டி, சறுக்குமரம் போல இரண்டுக்கும் நடுவே வைத்துப் பார்த்தாள். இறங்குவதற்கு அது சரியாக இருந்தது. ஏறுவதற்கு ஆகவில்லை. ஒவ்வொரு முறையும் யாராவது தூக்கி வைக்க வேண்டியிருந்தது.

தூக்கி வைத்தது அவள் கணவர். வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கும் கம்பெனியில் வேலை. ஆள் நல்ல உரம். காலையில் வீட்டு வாசலில் அவளைப் பூப்போல எடுத்து சீட்டில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருவார். சந்துக்கு வந்ததும் இறங்கி, நாற்காலியை விரித்து வைத்து, பஸ் பிடித்து வேலைக்குப் போவார். மாலையில் வந்து மறுபடியும் தூக்குவார். பார்க்கிறவர்கள் உருகினார்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு புருஷனா என்று பெண்கள் அவள் காதுபடவே சொன்னார்கள். தூக்கப்படுகிறவளைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் ஒருமுறை சொன்னாள்: "நல்ல பேரு அவருக்கு, கூச்சம் எனக்கு. பங்கு சரியா இல்ல, பார்த்தீங்களா?"

ரெக்ஸின் மொத்தக் கடைக்கு ஒரு நாள் இருவரும் போயிருந்தார்கள். அவர் சுருள்களைத் தோளில் சுமந்து வர உள்ளே போனார். இவள் வண்டிக்குப் பக்கத்தில் காத்திருந்தாள். கதவு திறந்திருப்பதையும் அவள் நாற்காலியையும் பார்த்த வழிப்போக்கர்கள் இருவர், ஒரு வார்த்தை கேட்காமல், ஒருவர் கக்கத்திலும் ஒருவர் முழங்காலுக்கு அடியிலும் கைகொடுத்து அவளைத் தூக்கிவிட்டார்கள். "நீ அந்தப் பக்கம் பிடி" என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னாராம். பாவாடை முட்டிக்கு மேலே ஏறிவிட்டது. சீட்டில் வைத்ததும் ஒருவர் அவள் தலையில் தட்டிக் கொடுத்தார். அவர்கள் நல்லவர்கள்தான். வாய் தவறி, நன்றி என்று வேறு அவர்களுக்குச் சொல்லித் தொலைத்ததை நினைத்துத்தான் வீடு வரும்வரை குமைந்துகொண்டிருந்தாள்.

அன்று மாலையே வீட்டில் சண்டை. தானே ஏறி இறங்கும்படி வண்டியை மாற்றப் போவதாகச் சொன்னாள். நான் இருக்கும்போது அது எதற்கு என்றார் அவர்.

"பீரோவையும் பிரிட்ஜையும் மாடி மாடியாத் தூக்குறவனுக்கு நீ ஒரு பாரமா?"

"பாரமா இல்லையாங்கிறது உங்க கவலை. நான் பீரோ இல்லைங்கிறது என் கவலை."

அவர் முகம் சுண்டிவிட்டது. அந்த வாரம் முழுவதும் வீட்டில் பேச்சு குறைந்தது. தூக்குவது மட்டும் நிற்கவில்லை.

முதலில் அவள் தன் கைத்தொழிலிலேயே வழி தேடினாள். ஓட்டுநர் சீட்டைப் பிரித்து உள்ளிருந்த பஞ்சைச் சீவி எடுத்தாள். கொஞ்சம் இறங்கியது. இன்னும் சீவினால் ஸ்டியரிங்குக்கு மேலே கண் தெரியாது. மீதி உயரத்தை வண்டியே இறங்கித்தான் கொடுக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தாள். வண்டியை விற்றுத் தாழ்வான ஒன்று வாங்கச் சொன்னார்கள். கைக்கம்பி வைத்த பழைய வண்டியை யார் வாங்குவார்கள்? சக்கரங்களுக்கு மேலே வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங்கில் இந்த வண்டிக்கென்று குட்டையானது எங்கேயும் செய்யவில்லை, சொல்லிச் செய்தால் வண்டியின் விலையைத் தாண்டும். ஆகவே வண்டியோடு வந்த ஸ்பிரிங்கையே வெட்டிக் குட்டையாக்குவது என்று கிளம்பினாள்.

கிரீஸ் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். விடலைகள் ரோட்டில் சீறிப் பாய்வதற்குச் செய்கிற வேலை அது, கல்யாணமானவள் செய்கிற வேலை இல்லை என்றார். ஸ்பிரிங் குட்டையானால் விறைத்துப் போகும், வண்டி குதிக்கும் என்றார். அவை இரண்டையும் அவள் சட்டை செய்யவில்லை. மூன்றாவதாக அவர் சொன்னதைத்தான் கூர்ந்து கேட்டாள். சக்கரம் ஒரு பள்ளத்துக்கு மேலே தொங்கும்போது ஸ்பிரிங் தன் கிண்ணத்தில் இறுக்கமாக உட்கார்ந்திருக்க வேண்டும். அளவுக்கு மேல் வெட்டினால் அந்த நேரத்தில் லொடலொடத்துப் பிதுங்கி வெளியே வந்துவிடும்.

"இது துணி இல்லம்மா, கத்தரி வைக்கிறதுக்கு."

"துணியும் வெட்டினா ஒட்டாது அண்ணே. அதனாலதான் அளந்துட்டு வெட்டுறோம். நீங்க செய்யலைன்னா நான் செஞ்சுக்கிறேன்."

அவளுக்குத் துணை நின்றவள் நாத்தனார். கணவரின் தங்கை, ஜன்னல் கிரில் அடிக்கும் பட்டறை வைத்திருப்பவள். அண்ணனுக்கு எதிராக அண்ணியோடு சேர்ந்துகொள்ள அவளுக்கு இதைவிட நல்ல சாக்கு வாய்த்ததில்லை. ஒரு விடுமுறை நாள் காலையில் வண்டியைத் தன் பட்டறைக்குள் ஏற்றி ஜாக்கி கொடுத்து நிறுத்தினாள். கேஸ் வைத்து அறுத்தால் சீக்கிரம் முடியும் என்று உதவியாளர் ஒருவர் சொன்னபோது நாத்தனார் தடுத்துவிட்டாள். நெருப்புப் பட்டால் ஸ்பிரிங்கின் முறுக்கு செத்துவிடும். வெட்டுத் தகடு மாட்டிய கிரைண்டர்தான், அதையும் ஆற விட்டு ஆற விட்டு.

ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி கிரீஸ் அண்ணனிடம் மட்டுமே இருந்தது. இரவல் கேட்டு ஆள் அனுப்பினார்கள். கருவியோடு அவரே வந்து நின்றார். "நான் ஒண்ணும் செய்ய மாட்டேன். இது தெறிச்சா மூஞ்சி போயிடும், அதனால பிடிக்க மட்டும் பிடிப்பேன்" என்றார். பிடிக்க மட்டும் வந்தவர், மதியத்துக்குள் முன்பக்கம் இரண்டையும் தானே கழற்றியிருந்தார். வாய் மட்டும் ஓயவில்லை.

சீட்டக்கா நாற்காலியில் உட்கார்ந்து மடியில் ஸ்பிரிங்கை வைத்து, உறைக்குக் கோடு போடும் வெள்ளைக் கட்டியால் குறி போட்டாள். நாத்தனார் வெட்டினாள். பொறி பறந்தது. ஒரு சுற்று எடுத்து மாட்டி, வண்டியை இறக்கி, நாற்காலியைப் பக்கத்தில் தள்ளி மட்டம் பார்த்தார்கள். போதவில்லை. மறுபடியும் கழற்றல். முன்பக்கம் அரைச் சுற்று கூட எடுத்ததும் சரியாக வந்தது. பின்பக்கத்தில் அவசரப்பட்டுவிட்டார்கள். சீட்டக்காதான் பொறுமை இழந்து குறியைத் தள்ளிப் போட்டாள். வெட்டி மாட்டி, வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டதும் கிரீஸ் அண்ணன் ஒரு விரலால் ஸ்பிரிங்கைத் தட்டினார். அது கிண்ணத்துக்குள் தளர்ந்து சுழன்றது. அவளைப் பார்த்தார். அவள் தலை குனியவில்லை. "வேற வாங்கணும்" என்றாள்.

பழைய இரும்புக் கடைகளில் அதே வண்டியின் ஸ்பிரிங் ஜோடியைத் தேடிப் பிடிக்க அடுத்த விடுமுறை வந்துவிட்டது. இந்த முறை பின்பக்கம் குறைவாக எடுத்தார்கள். வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் தூக்கலாக, முன்பக்கம் குனிந்தாற்போல நின்றது. வண்டி அமுங்கும்போது முட்டும் இடத்திலிருந்த ரப்பர் கட்டையைச் சீவினார்கள். சக்கரத்தின் சாய்வையும் ஹெட்லைட்டையும் திருத்தினார்கள். கிரீஸ் அண்ணன் வண்டியை எடுத்துப்போய்க் குண்டும் குழியுமான ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். தன் பல்லெல்லாம் இடம் மாறிவிட்டதாகச் சொன்னார். ஆனால் ஸ்பிரிங் அசையவில்லை.

அவள் முதல் முறை ஏறியதை நானும் பார்த்தேன். சந்தே பார்த்தது. நாற்காலியை ஒட்டி நிறுத்தி, பலகை வைத்து, ஒரு கையை சீட்டிலும் ஒரு கையைக் கதவின் பிடியிலும் ஊன்றி எம்பினாள். பாதி தூரத்தில் நாற்காலி பின்னால் நகர்ந்துவிட்டது. வண்டிக்கும் நாற்காலிக்கும் நடுவே தரையில் சரிந்தாள். வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த அவள் கணவர் பையைப் போட்டுவிட்டு ஓடினார்.

"தொடாதீங்க" என்றாள்.

அவர் நின்றார். குனிந்த முதுகு குனிந்தபடி, நீட்டிய கை நீட்டியபடி. எங்களில் இரண்டு பேர் நகரப் பார்த்தோம். நாத்தனார் எங்கள் குறுக்கே வந்து நின்றுகொண்டாள். தரையில் உட்கார்ந்தவள் முதலில் தன் கால்களை ஒவ்வொன்றாக எடுத்து மடக்கி வைத்தாள். நாற்காலியை இழுத்து அதன் தடையைப் போட்டாள். வண்டியின் வாசல் ஓரத்தில் ஒரு கை, நாற்காலியில் ஒரு கை. தோள் நடுங்க நடுங்க எம்பினாள், வழுக்கினாள், மறுபடியும் எம்பினாள். உயரமான பழைய வண்டியாக இருந்திருந்தால் அந்த வாசல் ஓரம் அவள் கைக்கு எட்டியே இருக்காது. வாசல் ஓரத்தில் உட்கார்ந்தாள், மூச்சு வாங்கினாள், அங்கிருந்து சீட்டுக்குத் தன்னை ஏற்றிக்கொண்டாள். நாற்காலியின் சக்கரங்களைக் கழற்றி, மடியைத் தாண்டி, பக்கத்து சீட்டில் ஒவ்வொன்றாகப் போட்டாள், மடக்கிய சட்டத்தைப் பின்சீட்டுக்குத் தள்ளினாள். கதவைச் சாத்தினாள். யாரும் கைதட்டவில்லை. தட்டியிருந்தால் எங்களைத் திட்டியிருப்பாள். அவள் கணவர் நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

வாகனப் பரிசோதனையில் வண்டியை நிறுத்திவிட்டார்கள். ஸ்பிரிங்கை வெட்டியதைப் பற்றி அங்கிருந்த அதிகாரி வாய் திறப்பதற்குள் இவள் ஆரம்பித்துவிட்டாள். தன் வண்டி தன்னை ஏற்றிக்கொள்ளாது என்றால் அது யாருக்கு வண்டி என்று கேட்டாள். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பச் சொல்லி, டார்ச் அடித்து முன் சக்கரத்தின் உள்பக்கத்தைக் காட்டினார். டயர் உராய்ந்து ஒரு தழும்பு ஓடியிருந்தது. அப்படியே விட்டிருந்தால் வேகத்தில் போகும்போது வெடித்திருக்கும். அதை, வண்டியில் கை வைத்த மூவரில் யாரும் கவனிக்கவில்லை. சக்கர வளைவின் உள் ஓரத்தை மடித்து அடித்து, ஸ்டியரிங் திரும்பும் எல்லையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு அவள் மறுபடியும் அதிகாரியிடம் போனாள். அவர் அதை ஊனமுற்றவருக்காக மாற்றிய வண்டி என்று பதிவு செய்து, வேகத்துக்கு ஒரு வரம்பு வைத்து அனுமதி கொடுத்தார்.

அவர்கள் வீடிருந்த குடியிருப்பின் சங்கத்தோடு நடந்தது வேறு கதை. வாசலிலிருந்த வேகத்தடையில் வண்டியின் அடிவயிறு உரசுகிறது, தடை சேதமாகிறது என்று செயலாளர் புகார் சொன்னார். உரசுவது தன் வயிறு, வலிக்க வேண்டியது தனக்கு என்று இவள் சொன்னாள். அவர் விடவில்லை, இவளும் விடவில்லை. இன்றுவரை அந்தத் தடையை அவள் குறுக்குவாட்டில், ஒவ்வொரு சக்கரமாக, வேண்டுமென்றே மெதுவாகத் தாண்டுகிறாள். பின்னால் வரும் செயலாளரின் வண்டி காத்துக்கிடக்கும்.

கணவர் தேறுவதற்குத்தான் நாளானது. கைகள் சும்மா இருப்பது அவருக்குப் பழக்கமில்லை. காலையில் வாசல்வரை வந்து, அவள் ஏறுவதைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தபடி நிற்பார். அவளுக்கும் அது தைத்தது. ஆனால் அதற்காக ஏறாமல் இருக்கவில்லை. வெளியூர் வேலைகளையும் பிடிக்கத் தொடங்கினாள். வேன் கம்பெனிகள், சினிமா கொட்டகை நாற்காலிகள்.

ஒரு மாலை அவள் வழக்கமான நேரத்துக்குக் கடைக்குத் திரும்பி வரவில்லை. போனும் எடுக்கவில்லை. அவர் என் கடை வாசலில் வந்து நின்றார், கிரீஸ் அண்ணனிடம் போனார், தங்கைக்கு போன் போட்டார். வெளிச்சம் மங்கும் நேரத்தில் வண்டி சாவகாசமாகச் சந்துக்குள் திரும்பியது. அவர் பாய்ந்துபோய் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க போயிருந்தே? எத்தனை வாட்டி கூப்பிடுறது?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். விபத்துக்குப் பிறகு அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. அவள் எங்கே இருக்கிறாள் என்பது எப்போதும் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது, அவர்கள்தானே கொண்டுபோய் வைத்தார்கள்.

"சொல்ல மாட்டேன்" என்றாள். "ஏறுங்க, வீட்டுக்குப் போவோம்."

அவர் முறைத்துக்கொண்டே சுற்றி வந்து மறுபக்கக் கதவைத் திறந்தார். சீட்டில் கிடந்த நாற்காலிச் சக்கரங்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.