ஸ்டீபன் போட்ட கோடு

அவனியாபுரத்தில் ஒரு லேத் பட்டறை வாசலில் என் பந்தயப் பாய்மரப் படகு டிரெய்லரில் நிற்கிறது. நாளை மறுநாள் தூத்துக்குடியில் போட்டி. சென்னையிலிருந்து வரும் வழியில், பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பியின் திருகு மரை தேய்ந்து போனதைக் கவனித்தேன். பட்டறைக்காரர் கணேசன் அண்ணன் புதிதாக ஒன்று கடைந்து கொடுத்திருக்கிறார். சரிபார்க்க, பாய்மரத்தைத் தூக்கி நிறுத்துகிறோம். ஷேர் ஆட்டோக்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போகின்றன.

"எம்புட்டு இறுக்கணும் தம்பி?"

"ஏறுற ரெண்டு பேரு வெயிட்டப் பொறுத்துண்ணே. வெயிட்டு கம்மின்னா கூட இறுக்கணும்."

அவர் ஸ்பேனரைப் போட்டுத் திருகுகிறார். கம்பி விறைக்கிறது.

"இங்கன கம்பியில கருப்பு மையில கோடு கெடக்கே. இதுவரைக்குந்தானே?" என்று அதிலேயே நிறுத்துகிறார்.

அது ஸ்டீபன் போட்ட கோடு. எட்டு வருடமாக என் படகில் முன்பக்கப் பாயின் கயிறு அவன் கையில்தான் இருந்தது. போன மாதம் குடும்பத்தோடு கனடா போய்விட்டான். தூத்துக்குடியில் காத்திருக்கும் புதுக் கூட்டாளி அவனைவிடப் பத்துக் கிலோ குறைவு. இன்னும் இரண்டு சுற்று இறுக்கியாக வேண்டும்.

ஆடிக் காற்று புழுதியோடு வந்து மோதுகிறது. கம்பி பழைய குரலிலேயே முனகுகிறது.

"கூட வர்ற ஆளுக்கு இது சரியா இருக்குமா தம்பி?"

"அவனே போட்ட கோடுதாண்ணே," என்கிறேன்.